இல்லாத கர்னலின் விசிலும் எங்கள் லைன் வீடும்

பிள்ளைகளே, வெளிநாடு போய் வந்தவர்கள் எல்லாரும் ஏரோப்ளேனில் இருந்துதான் கதையை ஆரம்பிப்பார்கள். நான் திருப்பூர் நல்லூரில், வரிசையாக ஒட்டிக் கட்டிய எங்கள் லைன் வீட்டு கேட்டில் இருந்து ஆரம்பிக்கிறேன். ஸ்காட்லாந்தில் எட்டு நாள் இருந்தேன் என்றாலும், அந்த எட்டு நாளும் என் காது இந்த கேட்டுக்குப் பக்கத்தில்தான் இருந்தது.

நான் பத்தாவது வரை படித்தவன். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். திருப்பூருக்கு வந்து பதினெட்டு வருஷம் ஆகிறது. பனியன் கம்பெனியில் முதலில் டெய்லர், இப்போது செக்கிங் சூப்பர்வைசர். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். துணியில் பிழை இருந்தால் மட்டும் என் கண்ணுக்கு உடனே தெரியும்.

சாயந்தரம் மொபெட்டில் தெருமுனை திரும்பும்போது நான் ஹாரன் அடிக்க மாட்டேன். விசிலடிப்பேன். இரண்டே சுரம். முதல் சுரம் மேலே, இரண்டாவது கொஞ்சம் கீழே. உடனே வீட்டுக்குள்ளிருந்து என் மகள் ஜெபா அதற்கு அடுத்த வரியை விசிலிலேயே திருப்பிச் சொல்வாள். பதில் வந்த பிறகுதான் கேட்டைத் திறப்பேன். அவளுக்கு ஐந்து வயசில் இருந்து இப்படித்தான். கம்பெனியில் யாரிடம் என்ன திட்டு வாங்கியிருந்தாலும் அந்தப் பதிலோடு அது கழிந்துவிடும்.

அந்த டியூன் எனக்கு மிஷன் பள்ளிக்கூடத்தில் கிடைத்தது. பள்ளிக்கூட பேண்டில் நான் பெரிய டிரம் அடித்தேன். விளையாட்டு விழாவில் கொடிக்கம்பத்தைச் சுற்றி எல்லாரும் நடக்கும்போது ஒரு ராணுவ மார்ச் வாசிப்போம். யார் போட்டது, என்ன பேர், எதுவும் தெரியாது. பி.டி. சார், "ரெண்டாம் நம்பர்!" என்று கத்துவார். நாங்கள் வாசிப்போம். ஒன்றாம் நம்பர் கொடிக்கு, மூன்றாம் நம்பர் பிஷப் வந்தால். அதனால் இந்தக் கட்டுரையிலும் அதை ரெண்டாம் நம்பர் என்றே எழுதுகிறேன்.

இந்த வருஷம் ஜெபாவுக்குப் பதிமூன்று நடக்கிறது. பெரிய பெண்ணாகிவிட்டாள். சடங்கு முடிந்து பத்து நாள் இருக்கும். வழக்கம்போல நான் தெருமுனையில் விசிலடித்தேன், அவளும் பதில் சொன்னாள். வாசலில் அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்த, லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரரான ஊட்டுக்கார அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்கள்: "ஏனுங்க தேவராஜு, பெரிய மனுசி ஆயிட்டா, இன்னும் ரோட்டுக்குக் கேக்கற மாதிரி விசிலடிக்கறா பாருங்க!"

வாடகை வீட்டில் இருக்கிறவர்களுக்குத்தான் இது புரியும். வீட்டுக்காரர்கள் சிரித்துக்கொண்டு சொன்னாலும் நமக்கு அது உத்தரவு. அன்றைக்குச் சாப்பிடும்போது சொன்னேன்: "ஏளா ஜெபா, இனிமே நீ விசிலடிக்காண்டாம். தம்பி அடிக்கட்டும்."

ஏன் என்று கேட்பாள் என்று நினைத்தேன். "சரிப்பா" என்று மட்டும் சொன்னாள்.

மறுநாள் முதல் சாம் அடித்தான். அவனுக்கு ஏழு வயசு. முன்பல் இரண்டும் விழுந்திருந்தன. 'ஃபூ ஃபூ' என்று வெறும் காற்றுதான் வந்தது. ஜெபா அடுப்படியில் தலையைக் குனிந்துகொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். இரண்டு மாதம் இப்படியே போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் கம்பெனியில் ஒரு தப்பு நடந்துவிட்டது. லார்ஜ் சைஸ் டி-ஷர்ட்டில் மீடியம் லேபிள், மீடியத்தில் லார்ஜ் லேபிள். சரக்கு கப்பலேறி ஸ்காட்லாந்தில் ஒரு குடோனுக்குப் போன பிறகுதான் தெரிந்தது. திருப்பி வரவழைத்தால் சீசன் முடிந்துவிடும். இரண்டு ஆளை அனுப்பி அங்கேயே பிரித்து மாற்றுவது என்று முதலாளி முடிவெடுத்தார். இங்கிலீஷ் பேச சிவகுமார், கைவேலைக்கு நான். சிவகுமார் அவிநாசிக்காரர், வெளிநாட்டு ஆர்டர்களைக் கவனிக்கிற மெர்ச்சண்டைசர், முப்பது வயசு. விமானத்தில் ஏறுவதற்கு முன்னாலேயே, "ஏனுங்கண்ணா, அங்க ரசம் கெடைக்குமுங்களா?" என்று கேட்ட மனுஷர்.

புறப்படும் நாளில் ஆட்டோ தெருமுனை திரும்பும்போது பழக்கத்தில் இரண்டு சுரம் விசிலடித்தேன். பின்னாலிருந்து 'ஃபூ' என்று காற்று வந்தது. வேறு ஒன்றும் வரவில்லை.

முதல் நாள் அந்த ஊரில் என்னைத் திகைக்க வைத்தது வெளிச்சம். ஜூன் மாதம். ராத்திரி சாப்பாடு முடிந்தும் வெயில் அடிக்கிறது. வெயில் என்றால் நம்மூர் வெயில் இல்லை. டியூப்லைட்டுக்கு அடியில் உட்கார்ந்த மாதிரி, சூடு இல்லாத வெளிச்சம். ஸ்வெட்டர் போட்டுக்கொண்டுதான் நிற்க வேண்டும். தெருவில் ஆளே இல்லை. நல்லூரில் எந்த நேரம் தெருவில் காலை வைத்தாலும் ஏதாவது ஒரு வீட்டில் ஓவர்லாக் தையல் மெஷின் ஓடும். அங்கே என் செருப்புச் சத்தமே எனக்குக் கேட்டது.

காலையில் ஓட்ஸ் கஞ்சி கொடுத்தார்கள். சர்க்கரை இருக்குமென்று வாயில் வைத்தால் உப்பு! எனக்குச் சந்தோஷமாகிவிட்டது. என் மனைவி கொடுத்தனுப்பிய மாவடுவை எடுத்துத் தொட்டுக்கொண்டு இரண்டு கிண்ணம் குடித்தேன். சிவகுமார் கரண்டியைக் கீழே வைத்துவிட்டார். "அண்ணா, இதுக்கு எங்க ஊட்டுக் கம்மங்கூழு எவ்வளவோ தேவலைங்க" என்றார். மத்தியானம் மீன் வறுவலும் உருளைக்கிழங்கும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்கள். அதன் தலையில் புளித்த வினிகரைத் தெளித்தார்கள். சிவகுமாருக்கு அது பிடித்துப்போயிற்று. மீதி நாளெல்லாம் அதையே சாப்பிட்டார். பேச்சு மட்டும் ரசத்தைப் பற்றி.

இரண்டாம் நாள் குடோனில் வேலை ஆரம்பித்தோம். அட்டைப் பெட்டிகள் கூரை வரைக்கும். ஒவ்வொரு பெட்டியையும் திறந்து, பீஸை மேசைமேல் விரித்து, மார்பு அளவை டேப்பால் அளந்து, கழுத்து லேபிளை நூல் பிரித்து எடுத்து, சரியானதை வைத்து மெஷினில் ஒரு ஓட்டு. பதினோரு மணி இருக்கும். நான் நூல் பிரித்துக்கொண்டிருந்தேன். எனக்குப் பின்னால் யாரோ விசிலடித்தார்கள்.

இரண்டு சுரம். முதலாவது மேலே, இரண்டாவது கீழே.

என் கையில் இருந்த, நூல் பிரிக்கும் டிரிம்மர் கீழே விழுந்துவிட்டது. ஒரு நொடி நான் நல்லூரில் இருப்பதாகவே நினைத்துத் திரும்பினேன். பெட்டிகளுக்கு நடுவில் ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். ஐம்பத்தைந்து வயசு இருக்கும். வெள்ளைக் கிராப்பு, காலில் பெரிய பூட்ஸ். பெட்டியின் ஒட்டு டேப்பைக் கத்தியால் ஒரே இழுப்பில் கிழித்துக்கொண்டே அடுத்த வரியையும் அவரே விசிலடித்தார். குடோன் பொறுப்பாளர் அவர்தான். பேர் மொய்ரா.

"மேடம், இந்த டியூன் உங்களுக்கு எப்படித் தெரியும்?" என்று எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் கேட்டேன்.

அவர் இடுப்பில் கையை வைத்தார். அவர் பேச்சைச் சிவகுமார் தமிழாக்கிச் சொன்னதைத் தருகிறேன். "மேடம் என்று சொன்னால் என் ஹெட்மிஸ்ட்ரஸ் ஞாபகம் வருகிறது. மொய்ரா என்று சொல், கண்ணு. இந்த டியூன் எனக்கு எப்படித் தெரியும் என்றா கேட்கிறாய்? இது இங்கே பிறந்தது. உனக்கு எப்படித் தெரியும்? அதைச் சொல்!"

கண்ணு என்பது சிவகுமார் போட்ட வார்த்தை. "அந்தம்மா எல்லாத்தையும் அப்படித்தானுங்க கூப்பிடுது. நம்மூர்ல கண்ணுங்கறதுதான் அது" என்றார்.

டீ நேரத்தில் மொய்ரா ரெண்டாம் நம்பரின் பூர்வீகத்தைச் சொன்னார். முதல் உலக யுத்தத்துக்குக் கொஞ்சம் முன்னால், அந்தப் பக்கத்துக் கடற்கரைக் கோட்டையில் ஒரு பட்டாளம் இருந்தது. அதற்கு ஒரு பேண்டு மாஸ்டர். லீவு நேரத்தில் அவர் கடற்கரை மைதானத்தில் கோல்ஃப் ஆடுவார். கோல்ஃபில் பந்து யார்மேலாவது விழப்போனால் 'ஃபோர்!' என்று கத்த வேண்டும். கூட ஆடிய ஒரு அதிகாரி கத்த மாட்டார். விசிலடிப்பார். இரண்டு சுரம், மேலிருந்து கீழே. அதைக் கேட்டுக் கேட்டு பேண்டு மாஸ்டரின் தலையில் அது தங்கிவிட்டது. அந்த இரண்டு சுரத்துக்கு ஒரு பதிலை எழுதினார். பதிலுக்கு மேல் பதில் எழுதி ஒரு முழு மார்ச் ஆக்கிவிட்டார்.

"பேர் என்ன வைத்தார்?"

"ஒரு கர்னல் பேர். ஆனால் அப்படி ஒரு கர்னல் உலகத்திலேயே கிடையாது" என்று சிரித்தார் மொய்ரா. தனியாக ஆடுகிற கோல்ஃப்காரர்கள் போட்டிக்கு ஆளில்லாமல், கற்பனையில் ஒரு கர்னலை வைத்துக்கொண்டு அவரோடு ஆடுவார்களாம். அந்த இல்லாத கர்னலின் பேரைத்தான் மார்ச்சுக்கு வைத்தார். பட்டாளத்தில் இருக்கிறவர் வெளித்தொழில் செய்வதை மேலே இருக்கிறவர்கள் விரும்ப மாட்டார்கள் என்று தன் சொந்தப் பேரையும் போடவில்லை, வேறு பேரில் வெளியிட்டார். ஆக, இல்லாத கர்னலின் பேரில் புனைபேர்க்காரர் எழுதிய பாட்டு. அது எங்கள் மிஷன் பள்ளிக்கூடத்துக்கு வந்து சேரும்போது அந்தப் பேரும் போய், வெறும் நம்பர் ஆகிவிட்டது!

"சிப்பாய்கள் அதற்கு வார்த்தையும் போட்டார்கள். அதைச் சொல்ல மாட்டேன்" என்றார் மொய்ரா. பிறகு சிவகுமாரின் காதில் மட்டும் சொன்னார். சிவகுமாரின் முகம் சிவந்துபோயிற்று. நான் எத்தனை கேட்டும், "வேண்டாமுங்கண்ணா, நீங்க ஞாயித்துக்கெழம கோயிலுக்குப் போறவங்க" என்று மறுத்துவிட்டார்.

என் வீட்டு கேட்டுக் கதையை மொய்ராவிடம் சொன்னேன். மகன் பதில் சொல்வான் என்றேன். மகள் இருக்கிறாளா என்று கேட்டார். இருக்கிறாள் என்றேன். அவள் விசிலடிப்பாளா என்றார்.

"அடிப்பாள். இப்போது பெரியவளாகிவிட்டாள். நிறுத்திவிட்டாள்."

நிறுத்தினாள் என்று சொன்னேனே தவிர, நிறுத்தினேன் என்று சொல்லவில்லை. மொய்ரா டேப் கிழிக்கிற கத்தியை எடுத்தார். "எங்க அம்மாவும் பெண்பிள்ளை விசிலடிக்கக் கூடாது என்றுதான் சொன்னார். அதனால்தான் இவ்வளவு சத்தமாக அடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டு அடுத்த பெட்டியைக் கிழிக்கப் போனார்.

மூன்றாம் நாளும் நான்காம் நாளும் லேபிள், லேபிள், லேபிள். மொய்ரா விசிலடிக்கும் ஒவ்வொரு தடவையும் என் கழுத்து தானாகத் திரும்பும். பழகிவிடும் என்று பார்த்தேன். பழகவில்லை.

ஐந்தாம் நாள் சனிக்கிழமை, மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கார்டு போட்டு ஊருக்குப் போன் பண்ணினேன். எங்கள் வீட்டில் போன் கிடையாது. ஊட்டுக்கார அம்மா வீட்டு ஹாலில்தான் இருக்கிறது. அங்கே அப்போது சாயந்தரம். நான் தெருமுனை திரும்புகிற நேரம்.

போனை எடுத்தது ஊட்டுக்கார அம்மா. "நல்லாருக்கீங்களா தேவராஜு? குளுராமே? புள்ளைங்க வந்துட்டிருக்குதுங்க, இருங்க" என்றார்கள்.

எனக்கு எங்கிருந்து தைரியம் வந்ததோ, கேட்டுவிட்டேன். "அம்மா, ஒண்ணு கேக்கட்டுங்களா? எம் மக ஒரே ஒரு தடவ போன்ல விசிலடிக்கட்டுங்களா? உங்க வீட்டுக்குள்ள நின்னு?"

"அய்ய! அதுக்கு எதுக்குங்க என்னயக் கேக்கறீங்க?"

"நீங்கதான அன்னைக்கு…"

"நானா? நான் சும்மா சிரிப்புக்குச் சொன்னதுங்க அது! அதுக்கா புள்ள விசிலடிக்கறதயே நிறுத்திப்போட்டீங்க? அவ விசிலடிச்சாத்தான் எனக்கு மணியே தெரியும். அப்பத்தான் பால அடுப்புல வெப்பேன். ரெண்டு மாசமா என்னேரம் வெச்சன், என்னேரம் எறக்கோணும்னு நெனப்பே இல்லாம, பால் பொங்கிப் பொங்கி அடுப்பெல்லாம் ஊத்துதுங்க சாமி!"

நான் போனைப் பிடித்தபடி சிரித்தேன். கண்ணும் கலங்கிவிட்டது. இத்தனை நாள் ஒரு பேச்சுக்குப் பயந்து நானே ஒரு பூட்டு போட்டிருக்கிறேன். அந்தப் பூட்டைக் கேட்டவர் யாருமில்லை.

ஜெபா போனை வாங்கினாள். மூச்சு வாங்கியது. ஓடி வந்திருப்பாள். நான் அவசரமாகச் சொன்னேன்: "ஏளா, அந்தம்மா சரின்னுட்டாங்க. சும்மாதான் சொன்னாங்களாம். இப்ப நான் அடிக்கேன், நீ பதில் சொல்லு." இரண்டு சுரம் விசிலடித்தேன். கடல் தாண்டிப் போயிற்று அது.

பதில் விசில் வரவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டாள்:

"அப்ப அந்தம்மா சொன்னா நிறுத்தணும், அந்தம்மா சொன்னா அடிக்கணுமாப்பா?"

அதோடு கார்டு தீர்ந்து லைன் போய்விட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. நான் மட்டும் பஸ் பிடித்து டவுனில் இருக்கிற சர்ச்சுக்கு, நாங்கள் கோயில் என்போம், புறப்பட்டேன். அந்த ஊர் பஸ்ஸில் கண்டக்டர் இல்லை. டிரைவரே டிக்கெட் கொடுக்கிறார். இறங்க வேண்டுமானால் கம்பியில் இருக்கிற சிவப்பு பட்டனை அமுக்க வேண்டுமாம். எனக்கு அது தெரியாது. மனசு வேறு போனிலேயே இருந்தது. கோயில் கோபுரம் ஜன்னலில் தெரிந்தது, வந்தது, போயிற்று. பஸ் நிற்கவில்லை. "ஸ்டாப், ஸ்டாப்" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்தேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. நம்மூரில் கண்டக்டர் ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும், இரண்டு விசில் அடித்தால் கிளம்பும். பதற்றத்தில் இரண்டு விரலை வாயில் வைத்து ஒரே ஒரு விசில், நீளமாக அடித்துவிட்டேன்.

பஸ் குலுங்கி நின்றது. உள்ளே இருந்த ஏழெட்டுப் பேரும் திரும்பினார்கள். டிரைவர் கண்ணாடியில் பார்த்து, "என் நாயை வீட்டில் கட்டிப்போட்டு வந்திருக்கிறேன்" என்றார். அங்கே ஆடு மேய்க்கிறவர்கள் நாய்க்குத்தான் அப்படி விசிலடிப்பார்களாம். பஸ்ஸே சிரித்தது. நான் கும்பிடு போட்டுவிட்டு இறங்கினேன். இறங்கிய பிறகு பார்த்தால் டவுன் எங்கோ பின்னால் இருந்தது. முன்னால் கடல்.

அடுத்த பஸ் இரண்டு மணி நேரம் கழித்து என்று பலகையில் எழுதியிருந்தது. காற்று ஆளைத் தள்ளுகிறது. தூரத்தில், கடலுக்குள் நாக்கை நீட்டின மாதிரி ஒரு தரையில், தாழ்வான கோட்டை. அந்தக் கோட்டையாக இருக்கலாம். இந்தப் பக்கம் பச்சைப் புல்வெளியில் சில பெரியவர்கள் கோல்ஃப் ஆடிக்கொண்டிருந்தார்கள். நான் வேலிக்கு வெளியே ஒரு கல்லில் உட்கார்ந்தேன்.

மகள் கேட்டது நியாயம். நான் நிறுத்தச் சொன்னபோதும் அவளைக் கேட்கவில்லை. அடிக்கச் சொன்னபோதும் கேட்கவில்லை. அவள் மூச்சு, அவள் உதடு. இடையில் நானும் ஊட்டுக்கார அம்மாவும் பேசி முடித்துவிட்டோம்.

கடலைப் பார்த்து இரண்டு சுரம் விசிலடித்தேன். யாரையும் கூப்பிடவில்லை. சும்மா, வாய் தேடியது.

புல்வெளியில் ஒரு பெரியவர் பந்தை அடிக்கக் குனிந்திருந்தார். என் பக்கம் முகத்தைத் திருப்பக்கூட இல்லை. குனிந்த வாக்கிலேயே அடுத்த வரியை விசிலடித்தார். சுத்தமாக, ஒரு சுரம் பிசகாமல். பிறகு பந்தை அடித்துவிட்டு நடந்துபோனார்.

பிள்ளைகளே, அவர் என் பேர் தெரியாதவர், முகம் தெரியாதவர். ஒரு அழைப்பு வந்தது, பதில் சொன்னார். அவ்வளவுதான். எனக்கு மட்டும் அந்தக் கல்லில் இருந்து எழுந்திருக்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று. அந்தப் பதில் எனக்கு வேண்டியதுதான். வேண்டிய இடத்தில் இருந்து வரவில்லை.

ஏழாம் நாள் சாயந்தரம் மொய்ரா எங்களைத் தன் காரில் டவுன் பேண்டு பிராக்டிஸுக்குக் கூட்டிப்போனார். அவர் அதில் பிக்கலோ வாசிக்கிறவர். புல்லாங்குழலுக்குத் தங்கச்சி மாதிரி சின்னக் குழல் அது. ஹால் வாசலுக்கு எதிரே ஒரு கல்தூண் இருந்தது. யுத்தத்துக்குப் போய்த் திரும்பாதவர்களின் பேர்கள். சின்ன ஊர்தான். தூணின் நான்கு பக்கமும் பேர். ஒரே வீட்டுப் பேர் மூன்று தடவை, நான்கு தடவை வந்தது. "இவர்களில் பாதிப்பேர் இந்த மார்ச்சுக்குத்தான் நடந்து போயிருப்பார்கள்" என்றார் மொய்ரா. அந்த வீடுகளின் கேட்டில் எத்தனை நாள் காது வைத்துக் காத்திருந்தார்களோ.

உள்ளே இருபது பேர் இருந்தார்கள். தபால்காரர், பல் டாக்டர், பள்ளிக்கூடம் போகிற ஒரு பெண். பெரிய டிரம் அடிப்பவருக்கு அன்றைக்கு முதுகுவலி. மொய்ரா என்னை முன்னால் தள்ளினார். "இவர் உங்கள் எல்லாரையும்விட முன்னால் இருந்து இதை வாசிக்கிறார். அவர் ஊரில் இதற்குப் பேர் ரெண்டாம் நம்பர்!"

குச்சியைக் கையில் வாங்கினேன். முப்பது வருஷம் ஆகிறது. கை மறக்கவில்லை.

அந்த மார்ச் எப்படிப்பட்டது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டும். மற்ற ராணுவ மார்ச் எல்லாம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வரும். இது தொப்பியைக் கொஞ்சம் சாய்த்து வைத்துக்கொண்டு வரும். நடை ஒன்றும் அவசரம் இல்லை, விநாடிக்கு இரண்டு அடி. இடது காலுக்கு ஒரு டிரம், வலது காலுக்கு ஒரு டிரம். முதலில் அந்த இரண்டு சுரம் இறங்கும், தெருவின் அந்தப் பக்கம் போகிற கூட்டாளியைப் பேர் சொல்லிக் கூப்பிடுகிற மாதிரி. எந்த ஊர்ப் பிள்ளையும் தூரத்தில் இருப்பவனை அந்த இறக்கத்தில்தான் கூப்பிடும், கவனித்துப் பாருங்கள். அப்புறம் டியூன் ஒரு கணம் நின்றுவிடும். அடுத்தது மூன்று படி மெதுவாக ஏறும். ஏறி நின்று, மதில்மேல் பூனை பாய்கிற மாதிரி ஒரே தாவு, உச்சிக்கு. அங்கே இரண்டு தடவை தட்டிவிட்டு இறங்கும். அதுதான் பதில். நடுவில் ஒரு இடத்தில் பெரிய பித்தளை வாத்தியங்கள் சேர்ந்து அடித்தொண்டையில் உறுமும். கோபம் வந்துவிட்டதோ என்று நினைப்பதற்குள் மறுபடியும் பழைய சிரிப்பு வந்துவிடும்.

முப்பது வருஷமாக எனக்குத் தெரியாத ஒன்று அன்றைக்குத் தெரிந்தது. அந்த அழைப்புக்கும் பதிலுக்கும் நடுவில் டியூன் நிற்கிறது என்று சொன்னேனே, அந்த இடைவெளியில் எல்லாரும் வாயை எடுத்துவிடுகிறார்கள். ஆனால் நடை நிற்பதில்லை. அங்கே கேட்பது டிரம் மட்டும். காத்திருக்கிறவன் வேலை அது. நான் பள்ளிக்கூடத்தில் இருந்து அந்த வேலையைத்தான் செய்திருக்கிறேன். தெருமுனையில் செய்ததும் அதுதான்.

வாசித்து முடிந்ததும் மொய்ரா, "டிரம் சரி. விசிலில் பதிலைச் சொல்லு பார்ப்போம்" என்றார். நான் முயற்சி பண்ணினேன். மூன்று படி ஏறினேன். தாவும் இடத்தில் காற்றுதான் வந்தது, சாமுடைய மாதிரி. பல் எல்லாம் இருந்தும்! அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருஷத்தில் நான் கூப்பிட மட்டும்தான் பழகியிருக்கிறேன். கஷ்டமான வரியை மகளிடம் விட்டுவிட்டேன்.

"தெனமும் பழகோணுமுங்கண்ணா" என்று சிவகுமார் சிரித்தார். பல் டாக்டரும் அவர் பாஷையில் அதையே சொன்னார்.

எட்டாம் நாள் கடைசிப் பெட்டிக்கு டேப் ஒட்டினோம். மொய்ரா கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். வெண்ணெய் பிஸ்கட் டின் ஒன்று கொடுத்து, "பெரிய விசிலுக்கு" என்றார், ஜெபாவை நினைத்து. சிவகுமாருக்கு வினிகர் பாட்டில்.

நல்லூர் தெருமுனையில் ஆட்டோ திரும்பியது. உதடு தானாகக் குவிந்தது. நான் விசிலடிக்கவில்லை. அடித்தால் அவள் ஒன்று பதில் சொல்ல வேண்டும், அல்லது சொல்லாமல் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்றுக்கு அவளைத் தள்ள எனக்கு மனசில்லை. இறங்கினேன். கேட்டை நானே திறந்தேன். "வாங்கப்பா" என்று வந்து பையை வாங்கினாள். சாம் பிஸ்கட் டின்னை வாங்கினான்.

"ஏளா, நீ போன்ல கேட்டதுக்கு நான் பதில் சொல்லல. ரெண்டு தடவையும் நான் உன்கிட்டத்தான் கேட்டிருக்கணும். தப்பு எம்மேலதான்" என்றேன். அவள் பையின் ஜிப்பைத் திறந்து மூடிக்கொண்டிருந்தாள். "மாவடு பாட்டில் காலியாப்பா?" என்றாள். அவ்வளவுதான் பேச்சு.

அப்புறம் நான் தெருமுனையில் விசிலடிப்பதே இல்லை. ஒரு வாரம் போயிற்று, இன்னொரு வாரமும் போயிற்று. ஊட்டுக்கார அம்மாவின் பால் பொங்கிக்கொண்டுதான் இருந்தது.

போன புதன்கிழமை, மொபெட்டை நிறுத்திவிட்டு எதிர்க்கடையில் முட்டை வாங்கிக்கொண்டிருந்தேன். எங்கள் தெருவில் நான்கு வீட்டில் தையல் மெஷின் ஓடுகிற நேரம். எனக்குப் பின்னால், உயரத்தில் இருந்து, இரண்டு சுரம். முதலாவது மேலே, இரண்டாவது கீழே.

திரும்பினேன். மொட்டை மாடியில் ஜெபா. தோளில் காய்ந்த துணி. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் இல்லை அது. அழைப்பு. அவள் என்னைக் கூப்பிட்டிருக்கிறாள்.

டியூன் நின்றுவிட்டது. மெஷின்கள் மட்டும் அடியில் நடந்துகொண்டிருந்தன. அவள் காத்திருந்தாள். கடைக்காரர் என் வாயையே பார்த்தார். முட்டைப் பையை மார்போடு அணைத்துக்கொண்டு மூன்று படி ஏறினேன். தாவினேன். கீச் என்று ஒரு சத்தம் வந்து, மீதி எல்லாம் காற்று.

மாடியில் அவள் கைப்பிடிச்சுவரில் குனிந்து சிரித்த சிரிப்பு தெருவுக்கே கேட்டது. ஊட்டுக்கார அம்மா அடுப்படி ஜன்னலில் இருந்து எட்டிப்பார்த்தார்கள். "ஆருங்க அது, பூனைய மிதிச்ச மாதிரி?"

"எங்கப்பாங்க!" என்றாள் ஜெபா.

"அப்பச் சரி. பால வெக்கறேன்" என்று ஜன்னலைச் சாத்தினார்கள்.

இப்போது அவள்தான் கூப்பிடுகிறாள். சில நாள் கூப்பிடுவாள், சில நாள் கூப்பிட மாட்டாள், அது அவள் இஷ்டம். கூப்பிடாத நாளில் நான் கேட்டுக்கு வெளியே கொஞ்சம் நின்றுவிட்டு உள்ளே போவேன். கம்பெனியில் டீ நேரத்தில் கட்டிங் டேபிளுக்குப் பின்னால் போய் அந்தத் தாவலைப் பழகிக்கொண்டிருக்கிறேன். நேற்று பாதி வந்தது.